கொடுத்த விவரங்கள் எங்கே போகின்றன? – இணையத்தில் எமது தனியுரிமையும் துன்புறுத்தல்களும்

சில வருடங்களுக்கு முன்பு முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தாயைச் சந்தித்து எழுதினேன். 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பக்கமாக வெளியே வந்தபோது இராணுவத்திடம் கையளித்த மகனை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். அவருடைய பெயர், ஊர், மகனின் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடம் எல்லாமே கட்டுரையில் இருந்தன. மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவர் நிற்கும் புகைப்படமும் இருந்தது. “எல்லாத்தையும் போடுங்கோ பிள்ளை. எங்கயாவது இருந்து பார்த்தானெண்டால் எங்கள அடையாளம் தெரியட்டும்” என்று அவர்தான் சொன்னார். கட்டுரை வந்த பிறகு உறவினர் ஒருவர் அதை முகநூலில் பகிர்ந்தார். தகவல் தெரிந்தவர்கள் அழைக்கட்டும் என்று தாயின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துவிட்டார்.

மூன்று கிழமைக்குள் ஓர் அழைப்பு வந்தது. பேசியவருக்கு மகனின் பெயர் தெரிந்திருந்தது, வயது தெரிந்திருந்தது, இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பும் தெரிந்திருந்தது. “ஆள் உயிரோட ஒரு முகாமில இருக்கிறார். வெளியில எடுக்கலாம். முதல்ல எழுபத்தையாயிரம் அனுப்புங்கோ” என்றார். தழும்பைப் பற்றி நான் எழுதவில்லை. அது படத்தில் தெரிந்தது. தாய் காப்பை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். இரண்டாவது தடவையும் கேட்டார்கள். அயலில் கடன் வாங்கி அனுப்பினார். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

பல மாதங்கள் கழித்துத்தான் எனக்கு இது தெரியவந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “காசு போனால் போகட்டும் பிள்ளை. ரெண்டு கிழமை அவன் உயிரோட இருந்தவன். பிறகு திரும்பவும் இல்லாமப் போயிட்டான்” என்று மட்டும் சொன்னார்.

இந்தச் சம்பவத்தில் யாரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை, கணினிக்குள் நுழையவில்லை. நானும் அந்த உறவினரும் நல்ல எண்ணத்தோடு வெளியிட்டவற்றை ஒருவர் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார், அவ்வளவுதான். இணையத்தில் எமது சமூகத்துக்கு நேரும் பாதிப்புகளில் பெரும்பங்கு இப்படித்தான் தொடங்குகிறது. தேவையினால், நம்பிக்கையினால், துயரத்தினால் நாமே கொடுத்த விவரங்கள் பிறகு எமக்கு எதிராகவே திரும்புகின்றன. அந்த விவரங்கள் எவை, எந்தெந்த வழிகளில் பயன்படுத்தப்படுகின்றன, பாதிக்கப்பட்டால் என்ன செய்யலாம் என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கேட்டால் கொடுத்துப் பழகியவர்கள்

வடக்கு, கிழக்கில் வாழும் ஒருவர் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இடம்பெயர்ந்தபோது பதிவு, முகாமில் பதிவு, மீள்குடியேறியபோது பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, வாழ்வாதார உதவிக்குப் பதிவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முதல் பரணகம ஆணைக்குழு, காணாமல்போனோர் அலுவலகம் வரை ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விவரம், புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்தால்தான் ஏதாவது கிடைக்கும் என்பது எமக்குப் பழகிவிட்டது. ஏன் கேட்கிறீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று திருப்பிக் கேட்கும் நிலையில் நாம் இருந்ததில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் கைத்தொலைபேசி எமது கைக்கு வந்தது. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய “உதவித் திட்டம்” என்ற இணைப்பைத் திறந்து அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் நிரப்புவது, பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்புவதைப் போலவே தோன்றுகிறது. ஆனால் இணையத்தில் அதைப் பெறுபவர் யாரென்று தெரியாது. கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் முடியாது.

அடையாள அட்டை இலக்கம் என்ன சொல்கிறது?

எமது தேசிய அடையாள அட்டை இலக்கம் வெறும் தொடரிலக்கம் கிடையாது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்படும். 1988 பெப்ரவரி 14 இல் பிறந்த ஆணின் இலக்கம் 88045 என்று தொடங்கும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 88545 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே முறைதான்; ஆண்டு மட்டும் நான்கு இலக்கங்களில் வரும்.

ஆக, அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் பாலினத்தையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினால் முகம், முழுப்பெயர், முகவரி எல்லாமே போய்விடும். பிறந்த திகதியையே கடவுச்சொல்லாகவோ வங்கி அட்டையின் இரகசிய இலக்கமாகவோ வைத்திருப்பவர்கள் எம்மில் பலர். அட்டையின் படத்தைக் கொண்டு உங்கள் பெயரில் கடன் கேட்கலாம், போலிக் கணக்குத் திறக்கலாம், உங்களையே அழைத்து “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்று நம்பவைக்கலாம்.

அட்டையின் பிரதியைக் கொடுத்தே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. அங்கே பிரதியின் குறுக்காக, எழுத்துகளை முற்றாக மறைக்காதபடி, “இன்ன தேவைக்காக மட்டும்” என்று எழுதித் திகதியும் இட்டுக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் வேலை முடிந்ததும் உரையாடலிலிருந்தும், தொலைபேசியின் படத் தொகுப்பிலிருந்தும் அதை அழித்துவிடுங்கள். போட்டோப் பிரதிக் கடையில் தொலைபேசியிலிருந்து அச்செடுத்தால், கடையின் கணினியில் சேமித்த கோப்பை உங்கள் கண்முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

உதவிக் காணொளிகள்

கடந்த சில வருடங்களாக யூரியூப்பில் ஒருவகைக் காணொளிகள் பெருகியிருக்கின்றன. ஒருவர் கமராவோடு ஒரு வறிய வீட்டுக்குப் போகிறார். கணவனை இழந்த பெண், கால் இழந்த தந்தை, படிக்கும் பிள்ளைகள். குடிசை, சமையலறை, கிழிந்த பாய் எல்லாம் காட்டப்படுகின்றன. அழுதுகொண்டே கதை சொல்கிறார்கள். முடிவில் புலம்பெயர்ந்த உறவுகளிடம் உதவி கேட்கப்படுகிறது. இதனால் உண்மையில் வீடு கிடைத்தவர்கள், கிணறு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் உதவி ஒரு தடவை வருகிறது, காணொளி அழிவதில்லை.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பெண்ணோடு பேசினேன். மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எடுத்த காணொளி. இப்போது மகள் உயர்தரம் படிக்கிறாள். வகுப்பில் யாரோ அதைத் தேடியெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மகள் ஒரு கிழமை பாடசாலைக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கஷ்டம் வந்தது. “ஆம்பிள இல்லாத வீடெண்டு ஊருக்கே சொல்லிப்போட்டாங்கள். அதுக்குப் பிறகு ராவில வாற கோல் நிக்கேல்ல” என்றார்.

பெண் தனியாக இருக்கும் வீடு, ஊரின் பெயர், வீட்டுக்குப் போகும் பாதை, பிள்ளைகளின் முகம், பாடசாலைச் சீருடை, தொலைபேசி இலக்கம், சில காணொளிகளில் வங்கிப் புத்தகம். தவறான எண்ணம் கொண்ட ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கமராவோடு யாராவது வந்தால் சில விடயங்களைத் துணிந்து கேட்கலாம். முகத்தைக் காட்டாமல் எடுப்பீர்களா? பிள்ளைகளைத் தவிர்ப்பீர்களா? ஊரின் பெயரையும் இலக்கத்தையும் விடுவீர்களா? பிறகு நீக்கச் சொன்னால் நீக்குவீர்களா? யாரிடம் முறையிடுவது? இதற்கெல்லாம் முகம் சுளிப்பவர் உதவ வந்தவரா, படமெடுக்க வந்தவரா என்பதை நீங்களே முடிவுசெய்யலாம். ஏற்கெனவே வெளிவந்த காணொளியை நீக்கும்படி எடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால், உங்கள் முகமோ தனிப்பட்ட தகவலோ வந்திருப்பதாக யூரியூப்பிடம் நேரடியாகவே தனியுரிமை முறைப்பாடு செய்யலாம். அதற்கெனத் தனிப் படிவம் உண்டு. இந்தக் கேள்விகளை ஊடகவியலாளர்களிடமும் கேட்க வேண்டும், என்னிடமும்தான்.

அடிக்கடி நடக்கும் துன்புறுத்தல்கள்

*போலிக் கணக்கு.* உங்கள் முகநூல் படத்தையும் பெயரையும் எடுத்து இன்னொரு கணக்குத் திறப்பார்கள். பிறகு உங்கள் நண்பர்களுக்குக் கோரிக்கை அனுப்பி, “அவசரம், காசு தேவை” என்று கேட்பார்கள், அல்லது ஆபாசமாக எழுதி உங்கள் பெயரைக் கெடுப்பார்கள். நண்பர்கள் பட்டியல் எல்லோருக்கும் தெரிவதுதான் இதற்கு வசதி செய்கிறது. அமைப்புகளுக்குள் போய் அந்தப் பட்டியலை “நான் மட்டும்” என்று மாற்றினால் பாதி வேலை முடிந்தது. போலிக் கணக்கைக் கண்டால் நீங்கள் மட்டும் முறையிடாமல், உங்களைத் தெரிந்தவர்களையும் அது போலி என்று முகநூலுக்கு முறையிடச் சொல்லுங்கள்.

*வட்ஸ்அப் கணக்கைப் பறித்தல்.* தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து, “தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அனுப்பிவிட்டேன், அதைத் திருப்பி அனுப்புங்கோ” என்று செய்தி வரும். அந்தக் குறியீடுதான் உங்கள் வட்ஸ்அப்பின் திறப்பு. அதைக் கொடுத்த மறுநிமிடம் உங்கள் கணக்கு அவர் கையில். பிறகு கனடாவிலுள்ள உங்கள் அண்ணனுக்கும் பிரான்ஸிலுள்ள சித்திக்கும் உங்கள் பெயரில் காசு கேட்டுச் செய்தி போகும். கேட்டால் கொடுக்கும் உறவுகள் வெளிநாட்டில் இருப்பதால் எமது கணக்குகளுக்கு மதிப்பு அதிகம்.

கணக்குப் பறிபோனால் உடனே உங்கள் தொலைபேசியில் வட்ஸ்அப்பைத் திரும்ப நிறுவி, உங்கள் இலக்கத்துக்கு வரும் புதிய குறியீட்டை இடுங்கள். அந்தக் கணமே மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இருபடிச் சரிபார்ப்பு இரகசிய இலக்கம் ஒன்றை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டிவரலாம். ஆனால் அவராலும் பயன்படுத்த முடியாது. இந்த நிலை வராமலிருக்க, வட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை இன்றே நீங்களாகவே செயற்படுத்துங்கள். “இணைக்கப்பட்ட சாதனங்கள்” என்ற பகுதியையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் யாரோ உங்கள் செய்திகளை வாசிக்கிறார் என்று அர்த்தம். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் இலக்கம் ஒன்றை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடும் வழி அது.

*படங்களை வைத்து மிரட்டல்.* காதலித்த காலத்தில் நம்பி அனுப்பிய படம், வீடியோ அழைப்பில் தெரியாமல் பதிவுசெய்த காட்சி, திருத்தக் கொடுத்த தொலைபேசியிலிருந்து எடுத்த படம். இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு காசு கேட்பார்கள், அல்லது இன்னும் படம் கேட்பார்கள், அல்லது உறவைத் தொடரச் சொல்வார்கள். இப்போது அப்படியொரு படமே தேவையில்லை. சாதாரண முகப்படத்தைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் நிர்வாணப் படத்தை உருவாக்கிவிடுகிறார்கள். ஆகவே “நீ ஏன் அனுப்பினாய்?” என்று பிள்ளையைக் கேட்பதில் இன்று அர்த்தமே இல்லை. ஆண்களும் இதில் சிக்குகிறார்கள். அறிமுகமில்லாத பெண்ணின் வீடியோ அழைப்பு, சில நிமிடங்களில் பதிவு, பிறகு “உன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன்” என்ற மிரட்டல். வெட்கத்தில் அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை.

*கடந்த காலத்தைத் தோண்டுதல்.* இது எமக்கே உரிய துன்புறுத்தல். ஒருவர் முன்னாள் போராளி என்பதையோ, தடுப்பில் இருந்தவர் என்பதையோ, பழைய சீருடைப் படத்தையோ தேடியெடுத்துப் பகிர்வார்கள். கல்யாணம் பேசும் நேரத்தில், தேர்தல் நேரத்தில், காணித் தகராற்றில் இது ஓர் ஆயுதம். புனர்வாழ்வு பெற்று வந்த பெண்களைப் பற்றி முகநூலில் எழுதப்படும் அசிங்கங்களை வாசித்தவர்களுக்கு இதன் வலி தெரியும். எழுதுபவர் பெரும்பாலும் ஊரைச் சேர்ந்தவர்; சிலவேளை பத்தாயிரம் மைல் தள்ளியிருந்து கோபம் தீர்ப்பவர். ஒருவரின் பழைய படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் பகிர்வது, “வீரம்” என்ற தலைப்பில் செய்தாலும் அவரை ஆபத்தில் தள்ளும்.

*உணர்வை வைத்து மோசடி.* காணாமல்போனவரைக் கண்டுபிடித்துத் தருவதாக வரும் அழைப்பு, முகநூலில் அறிமுகமாகும் “வெளிநாட்டு மாப்பிள்ளை”, அவர் அனுப்பிய பொதி சுங்கத்தில் நிற்கிறது என்று கட்டணம் கேட்கும் குரல், “கணினி வேலை, நல்ல சம்பளம்” என்று தாய்லாந்துக்கு அழைக்கும் விளம்பரம். அந்த வேலையை நம்பிப் போன இலங்கையர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்டுப் பிறகு மீட்கப்பட்டிருக்கிறார்கள். சில வேளைகளில் எம்மை ஏமாற்ற அழைப்பவரும் அப்படி அடைபட்டவராகவே இருக்கலாம்.

*கடன் செயலிகள்.* பத்து நிமிடத்தில் கடன் என்று சொல்லும் சில செயலிகள் நிறுவும்போதே உங்கள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் உங்கள் மாமியாருக்கும் மேலதிகாரிக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கும் “இவர் கள்ளர்” என்று செய்தி போகும். நுண்கடனால் நொந்துபோன வன்னியில் இது அதே நோயின் புதிய வடிவம். கடன் தரும் செயலிக்கு உங்கள் தொடர்பு இலக்கங்கள் எதற்கு என்று யோசித்தாலே போதும்.

*வீட்டுக்குள் கண்காணிப்பு.* துன்புறுத்துபவர் எப்போதும் வெளியாள் என்றில்லை. மனைவியின் தொலைபேசியைத் தினமும் பரிசோதிக்கும் கணவன், கூகுள் வரைபடத்தில் இருப்பிடப் பகிர்வைப் போட்டுவைத்துப் பின்தொடரும் முன்னாள் காதலன், தங்கையின் முகநூல் கடவுச்சொல்லை வைத்திருக்கும் அண்ணன். இதை அக்கறை என்று சொல்வார்கள். விருப்பமில்லாமல் நடந்தால் அது கட்டுப்பாடுதான்.

நடந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியவை

பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது செய்திகளை அழிப்பதுதான். அதைச் செய்யாதீர்கள். அவைதான் சாட்சி.

1. மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், அதன் இணைய முகவரி, தொலைபேசி இலக்கம், திகதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்சொட் எடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் பற்றுச்சீட்டையும் கணக்கு இலக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பிரதி ஒன்றைக் கொடுங்கள்.

2. பணம் கொடுக்காதீர்கள், மேலும் படம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பார்கள். பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணித்தியாலமும் பணத்தைத் தூரமாக்கும்.

3. சாட்சியைச் சேர்த்த பிறகு அந்தக் கணக்கை முறையிட்டுத் தடைசெய்யுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சல் பாதுகாப்பாக இல்லாவிட்டால் மற்றவை ஒன்றும் பாதுகாப்பாக இருக்காது.

4. அந்தரங்கப் படம் பரவும் என்ற அச்சம் இருந்தால், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் “ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.” என்ற இலவச சேவையைப் பயன்படுத்தலாம். 2021 டிசெம்பரில் தொடங்கப்பட்டது. படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் இலக்கக் குறியீடு உருவாக்கப்பட்டு, அது மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற இணைந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது ஏற்றினால் அந்தத் தளங்கள் அதை அடையாளம் கண்டு தடுக்க இது உதவும். படமெடுத்தபோது பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் “டேக் இற் டவுன்” என்ற சேவை அதே முறையில் இயங்குகிறது. வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இவற்றால் தடுக்க முடியாது.

5. ஒருவரிடமாவது சொல்லுங்கள். மிரட்டுபவரின் முழுப் பலமும் நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை வந்து சொன்னால் தொலைபேசியைப் பறிக்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். அந்தப் பயத்தினால்தான் பிள்ளைகள் சொல்லாமல் தனியாகத் தாங்குகிறார்கள். சிலர் தாங்க முடியாமல் தவறான முடிவைத் தேடுகிறார்கள்.

சட்டமும் முறைப்பாடும்

அனுமதியின்றி ஒருவரின் கணக்கிலோ கணினியிலோ நுழைவது 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். மிரட்டிப் பணம் பறித்தல், பயமுறுத்தல், பாலியல் தொந்தரவு ஆகியவை தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே உள்ள குற்றங்கள். அவை இணையத்தில் நடந்தாலும் குற்றமே. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், பிள்ளைகளின் விவரங்கள் போன்றவற்றை விசேட பாதுகாப்புத் தேவைப்படும் தரவுகளாகக் கருதுகிறது.

2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவதையும் குற்றமாக்குகிறது. ஆனால் எது பொய், எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுப்பதால், கருத்துச் சுதந்திரத்துக்கு அச்சுறுத்தல் என்று ஊடக, மனித உரிமை அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. எமக்கு அந்த அச்சம் நன்றாகவே புரியும். 2020 நவம்பரில் நினைவேந்தல் தொடர்பான முகநூல் பதிவுகளுக்காகத் தமிழர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார்கள். பதிவைப் பார்த்துக் கைதுசெய்யும் அதே பொலிஸிடம் போய், என் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு பெண் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு.

தயக்கம் இருப்பவர்கள் தனியாகப் போகவேண்டியதில்லை. 1938 என்பது பெண்களுக்கான அரச உதவி இலக்கம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்காகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 உண்டு. பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தரும். பொலிஸுக்குப் போவதென்றால் சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் பதிவுசெய்யக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியையே சாட்சியாகக் கேட்டால், ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு எடுங்கள்.

படத்தை எடுக்க வேண்டாம்

அந்தத் தாயிடம் போனவருடம் திரும்பவும் போனேன். கட்டுரையை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். “படத்தை எடுக்க வேண்டாம் பிள்ளை” என்றார். எனக்கு அது விளங்கியது. அந்தப் படம் அங்கே இருப்பது அவருடைய தேடலின் ஒரு பகுதி. வீதியில் பதாகையோடு இருக்கும் தாய்மாரிடம் முகத்தை மறையுங்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எதைக் காட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது அவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் தனியுரிமை.

ஆசிரியரிடம் பேசி ஊரின் பெயரையும் மகனின் பிறந்த ஆண்டையும் நீக்கினோம். உறவினரின் பதிவிலிருந்த தொலைபேசி இலக்கம் அழிக்கப்பட்டது. தகவல் தெரிந்தவர்கள் ஊடகத்தின் ஊடாகத் தொடர்புகொள்ளும்படி மாற்றினோம்.

இன்னொன்றும் செய்தோம். மகனைப் பற்றிய ஒரு விடயத்தை, எந்த ஆணைக்குழுவிடமும் எந்த ஊடகத்திடமும் இதுவரை சொல்லாத ஒன்றை, கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயராக இருக்கலாம், வளர்த்த ஆட்டின் பெயராக இருக்கலாம். இனி யார் அழைத்து “மகன் இருக்கிறார்” என்று சொன்னாலும், முதலில் அதை மகனிடம் கேட்டுவந்து சொல்லச் சொல்ல வேண்டும். பதில் வராமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒரு கேள்வியை வைத்திருக்கலாம்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “ஒண்டு இருக்குப் பிள்ளை” என்றார். அது என்னவென்று நான் கேட்கவில்லை.